நினைவு இல்லாமை தொடர்பாக

பிப்ரவரி 17

மருமகளுக்கு,

நலமா என்று கேட்பது வழக்கம். கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். நான் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்து எட்டு நாள் ஆகிறது. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. வாந்தி வரவில்லை.

போனில் ஏன் பேச மாட்டேன் என்கிறேன் என்று உன் புருஷன் மூன்று தடவை அக்காவிடம் கேட்டுவிட்டான். போனில் நீ ஒன்று சொல்லி நான் ஒன்று சொல்லி, கடைசியில் நான் சொல்லாததெல்லாம் சொன்னதாக ஆகிவிடும். அவன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் கம்மென்று உட்கார்ந்திருப்பான். லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் பத்து மாடி ஏற்றி இறக்குகிறான். வீட்டில் இரண்டு பொம்பளைகளுக்கு நடுவே ஒரு வார்த்தை பேச வாய் வராது. காகிதம் என்றால் எழுதியது எழுதியபடி கிடக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் என் எழுத்து உன் எழுத்தைவிட நேராக இருக்கும். நீயே சொல்லியிருக்கிறாய், வாண்டு பிறந்தபோது ஆஸ்பத்திரிப் படிவத்தை நான் நிரப்பிக் கொடுத்த அன்றைக்கு.

முதலில் வாண்டு விஷயம். கீழ்வரிசையில் நடுப்பல் ஒன்று ஆடுகிறது, இடது பக்கத்தது. நாக்கால் தள்ளிக்கொண்டே இருப்பாள், திட்டாதே. பாலில் ஆடை இருந்தால் தொட மாட்டாள்; ஆடையை எடுத்ததை அவள் கண்ணால் பார்க்க வேண்டும், எடுத்தாயிற்று என்று சொன்னால் நம்ப மாட்டாள். வேன்காரர் மூன்றாவது ஹாரனுக்கு மேல் நிற்க மாட்டார்.

இனி நம் விஷயம். நீ ஆன்லைனில் படிக்கிற பொது நிர்வாகம் எம்.ஏ.வின் மூன்றாவது பரீட்சை நான் கதவைத் திறந்ததால் நின்றுபோனது. மறுக்கவில்லை. ஆனால் சுவரில் இருந்த உன் மாமனார் படத்தை யார் கழற்றியது, யாரைக் கேட்டுக் கழற்றியது என்று இதுவரை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அது போகட்டும். அதற்குப் பிறகு நீ சொன்னது இருக்கிறதே. சனிக்கிழமை, பன்னிரண்டேகால் மணி. கீழ்வீட்டு டீச்சர் மாடிப்படியில் துணிக்கூடையோடு நின்றிருந்தார். "படிக்காம கையெழுத்துப் போட்டு, வீடு தேடி வந்த வேலையவே விட்டவங்க நீங்க. என் படிப்போட அருமை உங்களுக்கு எங்க தெரியப்போகுது?" இதுதான் நீ சொன்னது. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

அந்தக் கையெழுத்துக் கதையை இந்த உலகத்தில் நான் உன் ஒருத்திக்குத்தான் சொன்னேன். பெற்ற பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை. வாண்டு வயிற்றில் இருந்தாள், உனக்குக் காய்ச்சல், "ஏதாவது சொல்லுங்க அத்தை, படுக்க முடியல" என்றாய். நம்பிச் சொன்னேன். ஏழு வருஷம் பத்திரமாக வைத்திருந்து, டீச்சர் முன்னால் எடுத்து என் முகத்தில் எறிந்தாய்.

நான் கையெழுத்துப் போடுவதில்லை, உனக்குத் தெரியும். எழுத்தைப் பார்த்தால் ஆள் தெரியும்.

---

பிப்ரவரி 24

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நீங்கள் எழுதியது ஒவ்வொரு சொல்லும் சரி. நான் சொன்னது தப்பு. கோபத்தில் வந்த வார்த்தை என்று சமாதானம் சொல்ல மாட்டேன். எது வலிக்கும் என்று தெரிந்துதான் அதை எடுத்தேன். என்னை மன்னியுங்கள்.

மாமா படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பரீட்சை எழுதும்போது கம்ப்யூட்டர் கேமரா வழியாக அறையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நம் வீட்டில் கதவு உள்ள அறை உங்களுடையது ஒன்றுதான். வியாழக்கிழமை ஒத்திகைக்கு உட்கார்ந்தபோது 'அறையில் இருவர் உள்ளனர்' என்று சொல்லி நிறுத்திவிட்டது. யாரடா இன்னொருவர் என்று திரும்பிப் பார்த்தால் மாமா. எனக்குச் சிரிப்பு வந்தது. சனிக்கிழமை காலையில்தான் அவசரமாகக் கழற்றி அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்தேன். நீங்கள் வாண்டுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தீர்கள். வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். மணி பத்தாகிவிட்டது.

பல்கலைக்கழகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. 'அடையாளம் தெரியாத பெண் ஒருவர் அறைக்குள் நுழைகிறார். தேர்வர் எழுந்து சென்று அலமாரியிலிருந்து ஒரு பொருளை எடுத்து அவரிடம் கொடுக்கிறார். இருவருக்கும் இடையே பேச்சு நடக்கிறது.' இதை முறைகேடு என்று எழுதி என்னை ஒரு வருஷத்துக்குத் தடை செய்திருக்கிறார்கள். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

அந்தப் படிவத்தில் காரணம் சொல்ல நான்கு கட்டங்கள்தான் இருக்கின்றன. மின்தடை, இணையத் தடை, மருத்துவக் காரணம், குடும்பத்தில் மரணம். இதில் ஒன்றில்தான் டிக் போட வேண்டும். படிப்பு மைய ஒருங்கிணைப்பாளரிடம் போய் நின்றேன். "வீட்டுல பெரியவங்கதானே? ஞாபக மறதின்னு மூணாவது கட்டத்துல போடுங்க. அறுபத்தஞ்சு தாண்டியவங்கன்னா டாக்டர் சீட்டுகூட வேணாம். அவங்க கையெழுத்தும், விசாரணையில கேமரா முன்னாடி ரெண்டு நிமிஷமும் போதும்" என்றார்.

அவரே டைப் செய்து கொடுத்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசி வரிக்குக் கீழே பென்சிலால் குறி போட்டிருக்கிறேன், அங்கே உங்கள் கையெழுத்து வேண்டும். ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். வெறும் பேப்பர்தான் அத்தை.

வாண்டு தினமும் உங்கள் கட்டிலில்தான் படுக்கிறாள்.

உங்கள் அன்புள்ள மருமகள்

---

மார்ச் 2

மருமகளுக்கு,

மன்னிப்பும் படிவமும் ஒரே கவரில் வந்தன. எது எதற்குத் துணைக்கு வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

நீ அனுப்பிய பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'முதுமையின் காரணமாக எனக்கு நினைவுத் தடுமாற்றம் உண்டு. தேர்வு நடப்பதை மறந்து, அறியாமல் அறைக்குள் நுழைந்துவிட்டேன். நடந்தது எதுவும் எனக்கு நினைவில் இல்லை.'

யாருக்கு? எனக்கா? உன்னைப் பெண் பார்க்க வந்தபோது உன் சித்தி காபி டம்ளரை எந்தக் கையால் நீட்டினாள் என்று கேள், சொல்கிறேன். எனக்கு மட்டும் உடைந்த பிஸ்கட்டாகப் பொறுக்கி வைத்ததும் தெரியும்.

நினைவில்லை என்கிறாயே, கேட்டுக்கொள். பத்து மணிக்குக் கதவைச் சாத்தினாய். பத்து நாற்பதுக்கு வாண்டு குடிக்கத் தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். பதினொன்று ஐந்துக்குக் காற்றில் கதவு நாலு விரல் திறந்தது. தாழ்ப்பாள் சரியில்லை என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், உன் புருஷன் நாளைக்கு நாளைக்கு என்றான். சத்தமில்லாமல் சாத்தத்தான் போனேன். சந்து வழியாகச் சுவர் தெரிந்தது. ஆணி மட்டும் இருந்தது.

பரீட்சை நடக்கிறது என்று எனக்குத் தெரியும். யாரும் உள்ளே வரக்கூடாது, சத்தம் கூடாது என்று முதல் நாள் சாப்பிடும்போது விதி பதினெட்டையும் நீ வாசித்தாய், பதினெட்டும் எனக்குப் பாடம். தெரிந்துதான் திறந்தேன். "எங்க அவரு?" என்றேன். நீ கையை ஆட்டினாய். "எங்க வச்ச அவர?" என்று மறுபடி கேட்டேன். நீ எழுந்து அலமாரியைத் திறந்து, துணிக்கு நடுவிலிருந்து எடுத்து என் கையில் திணித்தாய். "போங்க அத்தை, தயவுசெஞ்சு போங்க" என்றாய். நான் முந்தானையால் படத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அதற்குள் உன் கம்ப்யூட்டர் சிவப்பாகிவிட்டது.

அந்த ஆணியைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்று என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன்பு இந்த ஒரு பங்கை உனக்கும் சொல்லாமல் விட்டேன்.

உன் மாமனார் குடிநீர் ஆபீஸில் பதிவறைக் குமாஸ்தா. வேலையில் இருக்கும்போதே போனால் வீட்டில் ஒருவருக்கு வேலை கொடுப்பார்கள். அவர் போய் இருபதாம் நாள் என் கொழுந்தன் வந்தான். "ஆபீஸ்ல அண்ணன் படம் கேக்கறாங்க" என்று சுவரில் இருந்ததைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டான். வீட்டில் இருந்தது அந்த ஒரே படம். அப்புறம் ஒரு பேப்பரை நீட்டினான். "உங்களுக்கு வேலை போட்டுக் குடுக்கத்தான். வெறும் பேப்பர்தான் அண்ணி" என்றான். அவனைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன், பேப்பரைப் பார்க்கவில்லை. எனக்கு வேலை வேண்டாம், கொழுந்தனுக்குக் கொடுங்கள் என்று அதில் எழுதியிருந்ததாம்.

படம் பதினொரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது, சட்டம் இல்லாமல், மனுவோடு சேர்த்துக் குத்திய ஊசியின் துருவோடு. பெரிதாக்கிச் சட்டம் போட்டபோது அந்தத் துருவும் பெரிதாகிவிட்டது. காதுக்குப் பக்கத்தில் பழுப்பாக இருப்பதை மச்சம் என்று வாண்டு சொல்வாளே, அதுதான் அது.

அதற்குப் பிறகு அந்த ஆபீஸுக்குப் பதினொரு மனு போட்டேன். அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் எனக்கும் எழுத வரும். கீழே கை நாட்டுத்தான் வைப்பேன். "இவ்வளவு அழகா எழுதிட்டு ஏம்மா கை நாட்டு?" என்று ஜன்னல்காரர் சிரிப்பார். சிரித்துவிட்டு வாங்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம் தையல்கடையில் காஜா எடுத்து உன் புருஷனை வளர்த்தேன். ஒரு நாளைக்கு நூற்றிருபது பொத்தான் ஓட்டை. இப்போதும் இங்கே அதே வேலைதான், மகள் கடையில்.

உன் பரீட்சைக்காக ஒன்று செய்கிறேன். மேலே எழுதியதை அப்படியே ஒரு தாளில் எழுதித் தருகிறேன். கேமரா முன்னாலும் வந்து சொல்கிறேன். பரீட்சை என்று தெரிந்தே திறந்தேன், தப்பு என்னுடையது, இந்தப் பெண் என் கையில் கொடுத்தது என் புருஷன் படம், வேறொன்றுமில்லை என்று. கை நாட்டும் வைக்கிறேன்.

ஆனால் நினைவில்லை என்று மட்டும் எழுதச் சொல்லாதே. என்னிடம் இருக்கிற சொத்து அது ஒன்றுதான்.

எழுத்தைப் பார்த்தால் ஆள் தெரியும்.

---

மார்ச் 9

அன்புள்ள அத்தைக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு, மாமா படத்தை இறக்கித் துடைத்தேன். அந்தத் துருவில் விரலை வைத்தேன். எனக்குத் தெரியாது அத்தை. தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொண்டு ஒருங்கிணைப்பாளரிடம் போனேன். அவர் முழுதும் படித்தார். "நல்லா எழுதியிருக்காங்க. ஆனா இதக் குடுத்தா நீங்க காலி. தெரிஞ்சே உள்ள வந்தாங்கன்னா அது விதி மீறல். படத்துக்காக வந்தாங்கன்னு போட எந்தக் கட்டமும் இல்லையே" என்றார். ஐந்தாவதாக ஒரு கட்டம் போடலாமே என்று கேட்டேன். சிரித்தார்.

ஓய்வூதியப் பிரிவில் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவள் நான். உங்கள் கண்ணில் நானும் அந்த ஜன்னல்காரர்தான், எனக்குத் தெரியும். தினமும் ஒருத்தியாவது வருவாள். ஏதோ ஒரு பேப்பர் இல்லாமல், ஏதோ ஒரு கட்டத்தில் அடங்காமல். "மேல கேட்டுச் சொல்றேம்மா" என்று பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த 'மேலே' போய் உட்கார வேண்டும் என்றுதான் இந்தப் படிப்பு. கண்காணிப்பாளர் பதவிக்கு இந்தப் பட்டம் இருந்தால்தான் பெயர் சேர்ப்பார்கள். பட்டியலை ஜூலையில் மூடுகிறார்கள். அடுத்த பட்டியல் ஆறு வருஷம் கழித்து. எனக்கு அப்போது நாற்பத்தைந்து.

நீங்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை, ஒன்று கேட்கிறேன். இரண்டு கடிதத்திலும் நான் சொன்னதை, என் சித்தி செய்ததை, கொழுந்தன் சொன்னதை எல்லாம் எழுதினீர்கள். தெரிந்தேதான் திறந்தேன் என்றும் எழுதினீர்கள். என் இரண்டு வருஷம் போனதே, பாவம் என்று ஒரு வார்த்தை உண்டா? பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன், சாப்பிடும்போது காதில் பாடம் ஓடியது, வாண்டு பேசியது பாதி என் காதில் விழவில்லை. உங்கள் பேப்பரை ஒருத்தன் ஏமாற்றி வாங்கினான். என் பேப்பரை நீங்கள் தெரிந்தே கெடுத்தீர்கள். எனக்கும் நினைவு உண்டு அத்தை.

நான் உங்களை ஏமாற்றவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லித்தான் கேட்கிறேன். பொய்தான். அந்தப் பொய் எனக்கு வேண்டும். கையெழுத்து முடியாவிட்டால் கை நாட்டாவது வையுங்கள். இருபதாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும்.

மருமகள்

---

மார்ச் 14

மருமகளுக்கு,

நீ கேட்டது நியாயம். உன் இரண்டு வருஷம் போனது பாவம்தான். அதைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

பேப்பரை இத்துடன் வைத்திருக்கிறேன். கை நாட்டு இல்லை, கையெழுத்தே போட்டிருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் ஆயிற்றே, வருமா என்று பழைய தினத்தாளில் நாலு தடவை போட்டுப் பார்த்தேன். வருகிறது. உன் பென்சில் குறியை ரப்பரால் அழித்துவிட்டேன். எங்கே போட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையின் போனை எந்த நாளில் எத்தனை மணிக்குத் திறந்து வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பு. அவர்கள் கேட்பதற்கு அந்தப் பேப்பரில் உள்ளபடியே பதில் சொல்வேன். அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. செய்தால் முழுசாகத்தான் செய்வேன். பிறகு வருத்தப்படாதே.

வாண்டுவின் பல் விழுந்ததா என்று எழுதவில்லை.

---

மார்ச் 25

அன்புள்ள அத்தைக்கு,

மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்கள். மே மாதம் அந்தத் தாளைத் திரும்ப எழுதலாம். உங்கள் மகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தானாகவே எழுந்துபோய் உங்கள் அறைத் தாழ்ப்பாளைச் சரிசெய்தார்.

எனக்குத்தான் சந்தோஷப்பட வரவில்லை. நேற்று முன்தினம் விசாரணையில் நடந்ததை எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் என்னால் நம்ப முடியாது. அதனால் எழுதுகிறேன்.

விசாரித்த மூன்று பேரில் கண்ணாடி போட்ட அம்மா கேட்டார்: "அன்னைக்கு ரூமுக்குள்ள எதுக்கும்மா போனீங்க?"

"எந்த ரூம்?" என்றீர்கள்.

"உங்க மருமக பரீட்சை எழுதின ரூம்."

"நினைவில்ல."

"அவங்க உங்க கையில ஏதோ குடுத்தாங்களே, அது என்ன?"

"நினைவில்ல."

"ஒரு படம்னு சொல்றாங்க. உங்க வீட்டுச் சுவர்ல இருந்ததாம். அது யார் படம்மா?"

நெட் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். உங்கள் கண் சிமிட்டியது. பிறகு, "யாரோ ஆம்பள" என்றீர்கள்.

இது போதும் என்று நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அந்த அம்மா கடைசியாக ஒன்று கேட்டார். "மேல சின்னக் கட்டத்துல ஒருத்தங்க தெரியறாங்க பாருங்க. அவங்க யாருன்னு தெரியுதா?"

நீங்கள் போனுக்குப் பக்கத்தில் வந்து என்னை நேராகப் பார்த்தீர்கள். "தெரியலம்மா. கையில பேப்பர் வச்சிருக்காங்க. ஆபீஸ்காரங்களா இருக்கும்."

"பாவம், நல்லா பாத்துக்குங்க" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

நடிப்புத்தானே அத்தை? அது மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

---

ஜூன் 12

அன்புள்ள அத்தைக்கு,

மார்ச் கடிதத்துக்குப் பிறகு ஏப்ரலில் ஒன்று, மே மாதம் இரண்டு எழுதினேன்; ஒன்றுக்கும் பதில் இல்லை. அண்ணியிடம் கேட்டால் "நல்லா இருக்காங்க, சாப்பிடறாங்க, கடையில உக்காந்து காஜா எடுக்கறாங்க. உங்க பேச்ச எடுத்தா மட்டும் எழுந்து போயிடறாங்க" என்கிறார்.

திரும்ப எழுதிய தாளில் நூற்றுக்கு எழுபத்தெட்டு. தலைப்பு 'நிர்வாகத்தில் பொறுப்புடைமை'. ஒரு கேள்விக்கு, விண்ணப்பப் படிவத்தில் இடமில்லாத மனிதர்களைப் பற்றி நாலு பக்கம் எழுதினேன். எழுதும்போது வெட்கமாக இருந்தது. அதற்குத்தான் நிறைய மார்க் போட்டிருக்கிறார்கள். கடைசித் தாளிலும் தேற வேண்டும் என்ற நிபந்தனையோடு பட்டியலில் என் பெயர் சேர்ந்துவிட்டது.

நான்காவது, கடைசித் தாள் ஜூலை ஆறாம் தேதி. இந்தத் தடவை அடுப்படியில் உட்கார்ந்து எழுதப்போகிறேன். மாமா படத்துக்குப் புது ஆணி அடித்து, உங்கள் கட்டிலுக்கு நேரே மாட்டியாயிற்று. இனி அதை யாரும் தொட மாட்டார்கள்.

வாண்டுவுக்கு அந்தப் பல் ஏப்ரலிலேயே விழுந்துவிட்டது. தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். பாட்டி வந்துதான் பார்க்க வேண்டுமாம், அதுவரை யாருக்கும் காட்ட மாட்டாளாம். எனக்குக்கூடக் காட்டவில்லை. புதுப்பல் எட்டிப் பார்க்கிறது.

வந்துவிடுங்கள் அத்தை. வந்து ஒரு மாதம் திட்டுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் அன்புள்ள மருமகள்

---

ஜூன் 20

அனுப்புநர்:
நினைவுத் தடுமாற்றம் உள்ள மூதாட்டி,
தையல்கடை மாடி.

பெறுநர்:
ஓய்வூதியப் பிரிவு உத்தியோகஸ்தர் அவர்கள்,
மூன்றாம் மாடி வீடு.

பொருள்: நினைவு இல்லாமை – தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்களுடைய ஜூன் 12ஆம் தேதிக் கடிதம்.

ஐயா அல்லது அம்மா,

பார்வையில் கண்ட கடிதம் கிடைத்தது. அதில் என்னை அத்தை என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். முதுமையின் காரணமாக எனக்கு நினைவுத் தடுமாற்றம் உண்டு. இது தாங்கள் வைத்திருக்கும் பேப்பரிலேயே இருக்கிறது. மூன்று பேர் முன்னால் விசாரித்து உண்மை என்றும் முடிவாகியிருக்கிறது. ஆகவே தங்களை இன்னார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நடிப்புத்தானா என்று முன்பு ஒரு கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். எழுதிக் கொடுத்த பிறகு நடிப்பு ஏது.

எனக்கு ஏதோ தவறு செய்துவிட்டதாகத் தங்களுக்கு வருத்தம் இருப்பதாகத் தெரிகிறது. எனக்கு எதுவும் நினைவில்லை. மாடிப்படியில் நின்ற டீச்சர், உடைந்த பிஸ்கட், சனிக்கிழமை பன்னிரண்டேகால் மணி, எதுவும் நினைவில்லை. கொழுந்தன் என்று ஒருவன் இருந்தானாம், அவனும் நினைவில்லை. இத்தனை வருஷம் சுமந்ததை எல்லாம் ஒரே கையெழுத்தில் இறக்கி வைக்கலாம் என்று தெரிந்திருந்தால் முன்பே போட்டிருப்பேன். கோபம் எல்லாம் போய்விட்டது. ஆனால் கோபம் மட்டும் தனியாகப் போகவில்லை. அதோடு ஒட்டிக்கொண்டிருந்ததும் போய்விட்டது. அதைத் தனியாகப் பிரிக்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

அங்கே வந்து தங்கும்படி கேட்டிருக்கிறீர்கள். ஜூலை ஆறாம் தேதி பரீட்சை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மறதிக்காரி எந்த நேரத்தில் எந்தக் கதவைத் திறப்பாள் என்று யாரால் சொல்ல முடியும்? தங்கள் பட்டத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாது. நன்றாக எழுதி, மேலே போய் உட்காருங்கள். உட்கார்ந்ததும் அந்த ஐந்தாவது கட்டத்தைப் போடுங்கள். ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவள் சொல்வதை முழுதும் கேட்ட பிறகு போடுங்கள்.

புது ஆணி அடித்ததற்கு நன்றி. படத்தில் இருப்பவர் அங்கேயே இருக்கட்டும். அவரைத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அந்த வீட்டில் ஒரு சிறுமி இருப்பதாகவும், தீப்பெட்டியில் பல் ஒன்று வைத்திருப்பதாகவும் தெரிகிறது. தபாலில் அனுப்பினால் மறுக்காமல் பெற்றுக்கொள்ளப்படும். புதுப்பல் கோணலாக வருவதாக இருந்தால் பக்கத்துப் பல்லை ஆட்டிப் பார்க்க வேண்டும். இது பொதுவாகச் சொல்வது.

இந்தக் கடிதத்தை நானே எழுதி, நானே படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(கையெழுத்து)

இணைப்பு: சிறுமி சட்டை ஒன்று. பொத்தான் ஆறு, காஜா கையால் எடுத்தது. அளவு யாரும் சொல்லவில்லை. கீழ்விளிம்பு இரண்டு விரல் உள்ளே மடித்துத் தைத்திருக்கிறது. அடுத்த வருஷம் பிரித்துவிடலாம்.